பி.சி.ஜி ஊசி போட்ட இடம் ஏன் பழுக்கிறது?

ஒன்றரை மாதக் குழந்தையோடு வரும் அம்மாக்கள் பலர் முதலில் காட்டுவது குழந்தையின் இடது தோளைத்தான். "பிறந்தப்ப போட்ட ஊசி டாக்டர், இப்பப் போய் சீழ் வெச்சிருக்கு." சில வீடுகளில் அதன்மேல் மஞ்சள் பத்தும் போட்டிருப்பார்கள்.

அது பி.சி.ஜி, காசநோய்த் தடுப்பூசி. அதில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள கிருமி. தோலுக்குள் போன கிருமிகளை வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. விழுங்கியது உயிருள்ளதா செத்ததா என்று அவற்றுக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது.

செத்த கிருமியிலும் செல்சுவர் இருக்கும், டிஎன்ஏ இருக்கும். தூது ஆர்என்ஏ மட்டும் நிலைக்காது. புரதம் செய்வதற்காகக் கிருமி அவ்வப்போது எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. உயிர் போனதும் சீக்கிரமே சிதைந்துவிடும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், சூடாக்கிக் கொன்ற ஈ.கோலை கிருமிகளை எலியின் செல்களுக்குக் கொடுத்தார்கள். இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதம் சரியாகச் சுரக்கவில்லை. அதே செத்த கிருமிகளோடு கிருமி ஆர்என்ஏவைச் சேர்த்துக் கொடுத்ததும் சுரந்தது! மனிதச் செல்களில் டிஎல்ஆர்8 என்ற ஏற்பி (கிருமியின் அடையாளத்தை உணரும் புரதம்), கிருமியை அடைத்துவைத்த பைக்குள்ளேயே இந்த ஆர்என்ஏவைக் கண்டுபிடிக்கிறது. பி.சி.ஜி கிருமியையும் அப்படித்தான் அடையாளம் காண்கிறது. அப்புறம்தான் டி செல்களுக்கு, அதாவது கிருமியை அடக்கும் இன்னொரு வகை வெள்ளணுக்களுக்கு, வலுவான தகவல் போகிறது.

சில வாரங்கள் கழித்துக் கொப்புளம் எழும்பி, உடைந்து, தழும்பாவது இதனால்தான். பிதுக்காதீர்கள், எதுவும் தடவாதீர்கள். தழும்பு வராவிட்டாலும் மறுபடி ஊசி தேவையில்லை. அக்குளில் நெறி கட்டிப் பெரிதானாலோ புண் ஆறாமல் இழுத்தாலோ காட்டுங்கள்.

மருந்துக் குப்பி பழுப்பு நிறத்தில் இருப்பதும் கிருமி உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்காகவே: வெளிச்சம் பட்டால் கிருமி செத்துவிடும். கலக்கிய மருந்தை நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க மாட்டோம்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிறவியிலேயே டி செல்கள் இல்லாத குழந்தைகள் அரிதாக உண்டு. அவர்களின் உடல் கிருமியைக் கண்டுகொண்டாலும் அடக்க முடியாது. ஊசிக் கிருமியே உடலெங்கும் பரவிவிடும். உங்கள் குடும்பத்தில் ஏதாவது குழந்தை, அடுத்தடுத்துத் தொற்று வந்து கைக்குழந்தையாகவே இறந்திருந்தால், பிரசவ வார்டிலேயே, ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.