கவுன்சிலர்: தொடக்கப்பள்ளிக்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது?

கோவை மாநகராட்சித் தொடக்கப்பள்ளி ஒன்றில் ‘நாளைக்குக் கவுன்சிலர் வர்றாருங்க’ என்று சொன்னால், வளாகத்தைக் கூட்டிக் கொடிக்கம்பத்தைத் துடைக்கத் தொடங்குவார்களே தவிர, மூலையில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை யாரும் நினைக்கமாட்டார்கள். 100 வார்டுகள் உள்ள அந்த ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு உறுப்பினர்தான். பள்ளியில் பிள்ளைகளின் மனக்கவலையைக் கேட்டுத் துணைநிற்பவரையும் தமிழில் கவுன்சிலர் என்றே எழுதுகிறோம்.

ஆங்கிலத்தில் இவை எழுத்தாலும் வேறுபட்ட இரு சொற்கள். மன்ற உறுப்பினரைக் குறிப்பது, கூட்டம் என்று பொருள்படும் ‘கொன்கிலியும்’ என்ற இலத்தீன் சொல்வழி வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைநிற்பவரைக் குறிப்பது, எண்ணித் தெளிதல், அறிவுரை என்னும் பொருளுடைய ‘கொன்சிலியும்’ என்பதன் வழி வந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து, ஒன்றோடொன்று குழம்பி, பின்னரே எழுத்தில் பிரிந்த இவ்விரண்டையும் தமிழ் எழுத்து மறுபடி ஒன்றாக்கிவிட்டது.

கவுன்சிலிங் என்ற சொல்லும் நம்மிடம் வேறு திசையில் போய்விட்டது. பெற்றோருக்கு அது பொறியியல் கல்லூரிச் சேர்க்கை, ஆசிரியருக்கு இடமாறுதல். அவ்விடங்களில் வழங்கும் ‘கலந்தாய்வு’ பொருத்தமான சொல்லே. ஆனால் அதை ஒன்றாம் வகுப்புக் குழந்தைமேல் ஏற்ற முடியாது.

பள்ளிக் கவுன்சிலர் தொழிலின் வரலாறும் பெரியவர்களிடமிருந்தே தொடங்குகிறது. 1908இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய பணியகம், இளைஞர்கள் தமக்கேற்ற வேலையைத் தேர்ந்துகொள்ள வழிகாட்டியது. 1958ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் இப்பணிக்கு அரசு நிதி கிடைத்தது. 1964இல் அது தொடக்கப்பள்ளிக்கும் விரிந்தது. 250 மாணவருக்கு ஒருவர் என்பது அங்குள்ள பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை.

ஆறு வயதுப் பிள்ளைக்கு வேலைத் தேர்வு எதற்கு? கவலையைக் கொங்குப் பேச்சில் வெசனம் என்பார்களே, அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வயது அது; திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி என்றுதான் அது வெளியே வரும். பெற்றோர் இருவரும் பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போய்விடும் திருப்பூர்ச் சிறுவனிடம் தாளும் வண்ணக்குச்சியும் கொடுத்து வீட்டை வரையச் சொல்கிறார் பள்ளிக் கவுன்சிலர். படத்தில் அம்மாயி (அம்மாவின் அம்மா) மட்டும் கதவுயரம் நின்றால், அதற்குத் தாமாக ஒரு பொருள் கற்பிக்காமல், ‘இவங்க யாரு சாமி?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அதன்பின் ஆசிரியரோடும் பெற்றோரோடும் பேசுவதும், தேவையானால் மனநல மருத்துவரிடம் அனுப்புவதும் அவர் வேலையே. தண்டிப்பது அவர் வேலையன்று. அடங்காத பிள்ளையை ‘அவரிடம் அனுப்பிவிடுவேன்’ என்று மிரட்டும் பள்ளியில் அந்தப் பதவி இருந்தும் பயனில்லை. பிள்ளை சொன்னதை ஊரறியச் செய்யக்கூடாது என்பது பொதுவிதி. ஆனால் பாலியல் கொடுமை தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பதால், ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று அவர் வாக்குக் கொடுக்கவும் கூடாது.

இத்தகையவரை ‘ஆலோசகர்’ என்பது பெருவழக்கு. பார்த்தல், ஆராய்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்த ஆலோசனை, இன்று யோசனை சொல்வதாகச் சுருங்கியிருக்கிறது. ‘அறிவுரைஞர்’ இன்னும் பொருந்தாது; பிள்ளைகளுக்கு அறிவுரைப் பஞ்சம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இலங்கைத் தமிழர் வழங்கும் ‘உளவளத்துணையாளர்’ பொருள் நிறைந்தது, எனினும் இங்கே காதுக்குப் புதிது.

தமிழ்நாட்டில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகங்கள் வழங்கும் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்பதையே நான் தேர்வேன். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் வழியில் செலுத்துதல். பரிசில் பெற்ற பாணன் பெறாதவனுக்கு வழி சொல்லும் பாடல்வகை ஆற்றுப்படை; தொல்காப்பியம் அதைப் பேசுகிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாடல்கள் அவ்வகையின. அங்கே நடக்கவேண்டியவன் கேட்பவனே, சொல்பவன் தூக்கிச் செல்வதில்லை, பள்ளியிலும் அப்படித்தான். துயர் ஆற்றுதல் என்னும்போது வரும் ‘ஆற்று’ வேறு சொல்லாயினும், காதில் அதுவும் சேர்ந்து ஒலிப்பது நல்வாய்ப்பு. பிள்ளைகள் எப்படியும் ‘அக்கா’ என்றோ ‘மிஸ்’ என்றோதான் கூப்பிடுவார்கள். இச்சொல் பெயர்ப்பலகைக்கும் ஆவணத்துக்கும் உரியது. எழுதும்போது ‘ஆற்றுப்படுத்துனர்’ எனப் பலரும் பிழைபட எழுதுகிறார்கள். ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் போல ‘நர்’ என்றே முடியவேண்டும்.