வலது முழங்காலை அந்தக் கேம் பார்க்கவே இல்லை

என் பிசியோதெரபி சிகிச்சைக்கு இந்த மாதத்தில் வந்த மூன்றாவது முழங்கால் இது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மட்டக்களப்பு கல்லடிப் பக்கமிருந்து ஓர் அம்மா மகனின் தோளைப் பிடித்தபடி படியேறி வந்தார். ஐம்பத்தாறு வயது. பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை எடுப்பவர். வலது முழங்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. இரண்டு கிழமையாக எண்ணெய் பூசி உருவியிருக்கிறார், மூலிகைப் பத்தும் போட்டிருக்கிறார். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை உருவாதீர்கள் என்று வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன், இன்னும் உருவிக்கொண்டுதான் வருகிறார்கள்.

"விழவும் இல்ல, அடிபடவும் இல்ல மகள். ரீவில கேம் விளையாடினதுதான்" என்றார்.

கனடாவில் இருக்கும் மூத்த மகள் தம்பிக்கு அனுப்பிய நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவி, அதோடு வந்த ரிங் ஃபிட் அட்வென்ச்சர் என்ற உடற்பயிற்சிக் கேம். மகன் நாலு நாள் விளையாடிவிட்டு விட்டுவிட்டார். சும்மா கிடக்கிறதே என்று அம்மா எடுத்திருக்கிறார். பின்னேரத்தில், பேரப்பிள்ளை நித்திரையான பிறகு, ஹோலில் மாபிளில் வெறுங்காலோடு, நைட்டிக்கு மேலே தொடைப் பட்டியைக் கட்டிக்கொண்டு.

அவர் விளையாடியது நல்ல விஷயம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வரும் பெண்களில் பாதிப்பேருக்கு விடியற்காலை கல்லடிக் கடற்கரையில் நடக்க வாய்ப்பில்லை. வீட்டில் சமையல், பள்ளிக்கூடப் பிள்ளைகள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பலருக்குத் தனியாக ரோட்டில் இறங்கி நடப்பது இலகுவில்லை. கார்த்திகை, மார்கழி மழைக்கு ஒழுங்கையெல்லாம் வெள்ளம். கச்சான் என்கிற சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்கே வெளியில் நிற்க ஏலாது. வீட்டுக்குள்ளேயே உடம்பை அசைக்க ஒரு வழி கிடைத்தால் அதை நான் தடுக்கவே மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான அசைவைக் கேட்கிறது. அது கடற்கரையிலா ரீவிக்கு முன்னாலா என்று உடம்பு பார்ப்பதில்லை.

எனக்குக் கோபம் வருவது அந்த அம்மா அடுத்துச் சொன்ன வசனத்தில். ஒவ்வொருத்தரும் அதையேதான் சொல்கிறார்கள். "அது ஒவ்வொரு தரமும் நல்லாச் செய்றீங்க எண்டுதானே சொன்னது. பிழையெண்டாச் சொல்லியிருக்கும்தானே?"

சொல்லாது. அதனால் சொல்ல முடியாது. இதை ஆறுதலாக விளக்கப் போகிறேன், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

ரிங் ஃபிட் 2019 இல் வந்தது. அதில் உங்கள் உடம்பைப் பார்க்கும் கமரா கிடையாது. இரண்டு சின்னக் கொன்ட்ரோலர்கள்தான். ஒன்று கையில் பிடிக்கும் வளையத்தில், மற்றது இடது தொடையில் கட்டும் பட்டியில். வளையத்தை எவ்வளவு அமுக்குகிறீர்கள், இழுக்கிறீர்கள், எந்தப் பக்கம் சரிக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியும். இடது தொடை எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதும் தெரியும். அவ்வளவுதான். முழங்கால் உள்பக்கம் மடிகிறதா, குதிக்கால் தரையை விட்டுக் கிளம்புகிறதா, முதுகு வளைகிறதா, ஒரு காலில்தான் பாரம் முழுக்க இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. வலது கால் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. வீங்கியிருந்ததோ வலது முழங்கால்.

நம்பாதவர்களுக்காகச் செய்தும் காட்டினேன். மகனை அடுத்த நாள் அந்தச் சாமானை எடுத்துவரச் சொல்லி, பட்டியை என் தொடையில் கட்டி, ஸ்டூலில் இருந்தபடி இடது தொடையை மட்டும் தூக்கித் தூக்கி வைத்தேன். திரையில் ஆள் ஓடுகிறது, பாராட்டும் வருகிறது. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஜஸ்ட் டான்ஸ் என்ற நடனக் கேமும் இப்படித்தான். வலது கையில் பிடித்த கொன்ட்ரோலர் அல்லது போன் எப்படி அசைகிறது என்பதற்குத்தான் புள்ளி. கதிரையில் இருந்து கையை மட்டும் ஆட்டினாலும் நட்சத்திரம் விழும். முழு உடம்பையும் கமராவால் பின்தொடர்ந்த கினெக்ட் என்ற கருவி 2010 இல் வந்தது, 2017 இல் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். இன்று நம் வீடுகளில் இருக்கிற கேம்களில் அநேகமானவை கையையோ தொடையையோ மட்டும் அறிந்தவை. அது தருகிற பாராட்டு நீங்கள் தாளத்தோடு அசைந்தீர்கள் என்பதற்கு. சரியாக அசைந்தீர்கள் என்பதற்கு இல்லை. இரண்டும் வேறு வேறு.

இனி அந்த முழங்கால் ஏன் வீங்கியது என்று பார்ப்போம். மூன்று காரணங்கள், மூன்றையும் திரையிலேயே கண்டுபிடித்தோம்.

அவர் விளையாடியது மகனின் கணக்கில். மகனுக்கு இருபத்திரண்டு வயது, அவருடைய வயதையும் நிறையையும் வைத்துக் கேம் கடுமையை முடிவுசெய்திருக்கிறது. அந்த அளவு 1 இலிருந்து 30 வரை போகும். அம்மா இருபதுக்கு மேலே விளையாடிக்கொண்டிருந்தார். மருந்துத் துண்டில் மகனின் பெயர் இருந்தால் அந்தக் குளிசையை நீங்கள் போடுவீர்களா?

அடுத்தது, பேரப்பிள்ளை எழும்பிவிடும் என்று சத்தம் குறைந்த முறையை மகன் போட்டுக்கொடுத்திருக்கிறார். அந்த முறையில் நின்ற இடத்தில் ஓடத் தேவையில்லை, அதற்குப் பதிலாக முழங்காலை மடித்து மடித்து நிமிர வேண்டும். அதாவது ஓட வேண்டிய தூரமெல்லாம் குந்தி எழும்புவதாக மாறிவிட்டது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கில். ஏற்கெனவே தேய்மானம் தொடங்கியிருக்கிற ஐம்பத்தாறு வயது முழங்கால் இதற்கு வேறு எப்படிப் பதில் சொல்லும்? இதே கேமில் முழங்காலுக்குப் பாரம் குறைக்கும் தெரிவும் இருக்கிறது. யாரும் அதைத் தேடவில்லை.

மூன்றாவது நேரம். "பன்னிரண்டு நிமிசந்தான் மகள் காட்டினது, காணாது எண்டு இன்னும் செய்தன்." அது காட்டுவது உடம்பு அசைந்த நேரத்தை மட்டும். கதை ஓடும் நேரம், தெரிவு செய்யும் நேரம், மூச்சு வாங்கி நிற்கும் நேரம் எதுவும் கணக்கில் வராது. திரையில் பன்னிரண்டு என்றால் சுவர் மணிக்கூட்டில் அரை மணித்தியாலம் போயிருக்கும். அவர் திரையில் நாற்பது வரும்வரை விளையாடியிருக்கிறார், கிழமையில் ஏழு நாளும், முதல் கிழமையிலேயே. இடையில் இன்றைக்குப் போதுமா என்று கேம் கேட்கும். தொடங்கும்போது உடம்பைச் சூடாக்கும் அசைவுகளைக் காட்டும். எல்லாவற்றையும் பட்டனை அமுக்கித் தாண்டிவிடுகிறோம்.

காய்ச்சல் இல்லை, தொற்று இல்லை என்று வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகுதான் நான் அந்தக் காலில் கை வைத்தேன். நீங்களும் சூடான மூட்டோடு நேரே என்னிடம் வராமல் முதலில் வைத்தியரிடம் போய்விட்டு வாருங்கள்.

தோள்பட்டைக் கதை இதைவிடப் பழையது. நின்டெண்டோவின் பழைய கேம் கருவியான வீ வந்து சில மாதங்களில், 2007 இல், ஸ்பெயினில் 29 வயது வைத்தியர் ஒருவர் மணித்தியாலக் கணக்கில் டென்னிஸ் கேம் விளையாடி, அடுத்த நாள் வலது தோளில் கடும் நோவோடு எழும்பினார். தசைநார் அழற்சி. அதற்கு ஒரு பெயரும் வைத்து நியூ இங்கிலண்ட் மருத்துவ இதழுக்குக் கடிதமே எழுதினார். உண்மையான மைதானத்தில் களைப்பும் பந்தின் பாரமும் உங்களை நிறுத்தும். ரீவிக்கு முன்னால் நிறுத்த யாரும் இல்லை.

தரை விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. போன மாதம் ஒருவர் மணிக்கட்டு முறிந்து வந்தார், வியர்வை சொட்டிய மாபிளில் வழுக்கி. வீட்டுக்குள் சப்பாத்துப் போடுவதா என்று கேட்கிறீர்கள், சுவாமி அறை இருக்கிறது, தொழுகிற இடம் இருக்கிறது, எனக்கும் விளங்குகிறது. வெளியே கொண்டுபோகாத ஒரு சோடியைத் தனியாக வாங்கி வையுங்கள். கால் விறைக்கிற சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு குதிக்கவே கூடாது. பன்பாயை விரித்து அதில் நிற்காதீர்கள், மாபிளில் அது பாயோடு ஆளையும் கொண்டுபோகும். அடியில் ரப்பர் உள்ள விரிப்புத்தான் வேண்டும். நைட்டியைக் கழற்றிவிட்டுக் காற்சட்டையோ சல்வாரோ போடுங்கள், தொடைப் பட்டி வழுகினால் கேமும் தவறாகக் கணக்கெடுக்கும், காலும் சிக்கும். கண்ணை மூடும் விஆர் கருவி போட்டுக் குத்துச்சண்டை செய்யும் தம்பிமாருக்கு: அது தரையில் எல்லைக் கோடு போடும், தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைப் பற்றிக் கேட்காது.

சிசேரியன் செய்த தங்கைமாரே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ரிங் ஃபிட்டில் எதிரி அடிக்கும்போது வளையத்தை வயிற்றில் வைத்து அமுக்கித் தடுக்க வேண்டும். தையல் ஆறாத வயிற்றில் அதைச் செய்யாதீர்கள். ஆறு கிழமைப் பரிசோதனை முடியட்டும், வைத்தியரோ நாங்களோ வயிற்றைப் பார்த்துச் சொன்ன பிறகு தொடங்குங்கள். குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் இதேதான்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிக்கிளசைட் போன்ற சீனிக் குளிசை எடுப்பவர்களும் விளையாடும் முன் இரத்தச் சீனியைப் பாருங்கள். 70 (mg/dL) இற்குக் கீழே என்றால் கேமைத் தொடாதீர்கள், உடனே சீனித் தண்ணீர் குடியுங்கள். 90 இற்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு. விரத நாளிலும் நோன்பு நாளிலும் வெறும் வயிற்றோடு வேண்டாம். அட்டனலோல், பிசோப்ரலோல் எடுப்பவர்கள் கடைசியில் கேம் காட்டும் நாடித்துடிப்பை நம்பாதீர்கள், அந்தக் குளிசையே துடிப்பைக் குறைத்து வைக்கிறது. அதற்குப் பதிலாகப் பேசிப் பாருங்கள். வசனம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாமல் இருக்க வேண்டும். அதுதான் மிதமான அளவு. வளையத்தை அமுக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், பிரஷர்காரர் கட்டாயம் வாயால் ஊதியபடி அமுக்குங்கள். நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடையில் நோவு, குளிர் வியர்வை வந்தால் நிறுத்தி 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். தேசிக்காய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

பாரிசவாதம் வந்தவர்களின் பிள்ளைகள் சிலர் இந்தக் கேமைக் கடன்பட்டு வாங்கவா என்று கேட்கிறார்கள். வேண்டாம். 141 நோயாளிகளை வைத்து வீ கேமையும், சீட்டு, பிங்கோ போன்ற சாதாரண விளையாட்டுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2016 இல் லான்செட் நியூரோலஜி இதழில் வந்தது. கையின் முன்னேற்றத்தில் கேம் மற்றதை மிஞ்சவில்லை. அந்தக் காசை அப்பாவைச் சிகிச்சைக்குக் கூட்டிவரும் ஓட்டோவுக்கு வையுங்கள்.

தொடங்குபவர்கள் இப்படித் தொடங்குங்கள். உங்கள் பெயரில், உங்கள் வயதோடு, உங்கள் நிறையோடு புதிய கணக்கு. மணிக்கூட்டைப் பார்த்துப் பதினைந்து நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். குந்துகிற அசைவு வந்தால் பின்னால் ஒரு சமையலறைக் கதிரையை வைத்து, அதில் தொட்டு எழும்புங்கள், அதற்குக் கீழே போகத் தேவையில்லை. முழங்கால் பெருவிரல் பக்கம் உள்ளே விழாமல் இரண்டாவது விரலுக்கு நேராகப் போகட்டும். அடுத்த நாள் காலையில் நோவு நேற்றையதைவிடக் கூடியிருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். பக்கத்தில் ஒரு நிலைக்கண்ணாடியைச் சாத்தி வையுங்கள், திரையைப் பார்க்கும் நேரத்தில் பாதியை அதற்குக் கொடுங்கள்.

அந்த அம்மாவுக்கு இப்போது வீக்கம் வற்றிவிட்டது. திரும்ப விளையாடலாமா என்று கேட்டார். விளையாடலாம் என்றேன், கடுமை அளவு ஐந்தில், முழங்கால் பாரம் குறைக்கும் தெரிவைப் போட்டு. கனடாவில் இருக்கும் மகளோடும் கதைத்தேன். கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருந்து இவற்றை அனுப்புகிற எல்லாப் பிள்ளைகளிடமும் அதையே கேட்கிறேன்: அனுப்பியதோடு விடாதீர்கள். முதல் கிழமை, அம்மா விளையாடும் நேரத்துக்கு வீடியோ கோல் எடுங்கள். போனை ஒரு பக்கமாகத் தரையில் சாத்தி வைக்கச் சொல்லுங்கள், முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு முழங்காலும் பாதமும் தெரிய வேண்டும்.