ஆயில் மாற்றிய பிறகு எரியும் சிவப்பு விளக்கு

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழைக்கு நடுவில், ஒரு சிறிய பெட்ரோல் காரைக் கயிறு கட்டி எங்கள் பணிமனைக்கு இழுத்து வந்தார்கள். முந்தைய நாள் மாலையில்தான் வேறோர் இடத்தில் அதற்கு எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருக்கிறார்கள். வீடு திரும்பும் வழியில் மீட்டர் போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. உரிமையாளர் கல்லூரி ஆசிரியர், நிதானமானவர். வண்டியை ஓரங்கட்டி, ஆயில் மாற்றியவரையே தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருக்கிறார். "இப்பதானே சார் புது ஆயில் ஊத்தியிருக்கு, சென்சாராத்தான் இருக்கும். மெதுவா ஓட்டிட்டுப் போங்க, காலையில பாத்துக்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. அவரும் மெதுவாகத்தான் ஓட்டியிருக்கிறார். ஒன்பது கிலோமீட்டர் கடந்ததும் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்டு, பிறகு வண்டி நின்றுவிட்டது.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது, ஃபில்டரிலிருந்து பின் அச்சு வரை அடிப்பகுதி முழுவதும் ஆயிலில் நனைந்திருந்தது. ஃபில்டரைக் கழற்றினேன். அதன் வாயில் புதிய ரப்பர் வளையம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எஞ்சின் பக்கத்து முகத்தில், தட்டையாகி, கறுத்து, அப்பளம் போல் ஒட்டிக்கொண்டிருந்தது பழைய ஃபில்டரின் வளையம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் வளையங்கள் இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் அவை அழுத்தத்தைத் தாங்குவதில்லை. ஏதோ ஒரு கணத்தில் ஒன்று நழுவி வெளியே பிதுங்க, அந்த வழியாகப் பம்ப் ஆயிலைச் சாலையில் கொட்டிவிடும். அந்தக் காரின் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சேம்பரிலிருந்து அரை லிட்டர்கூடத் தேறவில்லை. வடிந்ததை விரலில் தேய்த்துப் பார்த்தால் வெள்ளிப் பொடி கலந்ததுபோல் மின்னியது. அது, கிராங்க் எனப்படும் எஞ்சினின் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்கின் உலோகம். கிராங்கைக் கழற்றிக் கடைசலுக்கு அனுப்பி, பேரிங் செட் முழுவதும் மாற்றி முடித்தபோது, ஆயில் சர்வீஸுக்கு அவர் கொடுத்ததைப்போல் பதினைந்து மடங்குக்கு மேல் செலவாகியிருந்தது.

அந்தத் தொலைபேசிப் பதிலை, சொற்கள் கொஞ்சம் மாறி, இத்தனை வருடங்களில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். புது ஆயில் ஊற்றியிருப்பதால் விளக்கு பொய் சொல்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் ஆயில் மாற்றும்போது எஞ்சினின் உயவு அமைப்பைத் திறந்து, அதன் உதிரிகளைக் கழற்றி, மீண்டும் பூட்டியிருக்கிறோம். விளக்கை அதிகமாக நம்ப வேண்டிய நேரமே அதுதான்.

துளி சொட்டும் எண்ணெய்க் குவளை வடிவத்தில் சிவப்பாக எரியும் அந்த விளக்குக்கு ஆயிலின் அளவு தெரியாது. அழுத்தம் மட்டுமே தெரியும். எஞ்சின் பிளாக்கில், பெரும்பாலும் ஃபில்டருக்கு அருகில், ஒரு சிறிய பிரஷர் சுவிட்ச் இருக்கிறது. பல கார்களில் அது 0.3 முதல் 0.5 பார் அழுத்தத்துக்குக் கீழே போனால்தான் விளக்கை எரிய வைக்கும். நம் கார் டயரில் ஏறக்குறைய 2 பார் காற்று அடிக்கிறோம் என்பதோடு ஒப்பிட்டால், விளக்கு எரியும்போது ஆயில் அழுத்தம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது விளங்கும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குகள்தான். அந்த இடைவெளியில் அழுத்தத்தோடு பாயும் ஆயில் படலமே இரு உலோகங்களையும் தொடவிடாமல் பிரித்து வைக்கிறது. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் நொடிக்கு 13 சுற்றுக்கு மேல். ஆகவே, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாக ஓட்டுவது எஞ்சினைக் காப்பாற்றிவிடாது. டர்போ உள்ள வண்டியில், அதே ஆயிலை நம்பியிருக்கும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஃபில்டர் மாற்றிய பிறகு முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது விளக்கு சில நொடிகள் கூடுதலாக எரிவது இயல்பு. புதிய ஃபில்டர் காலியாக இருப்பதால், பம்ப் அதை நிரப்பிய பிறகே அழுத்தம் எழும். வழக்கமாக ஐந்து நொடிக்குள் விளக்கு அணைந்துவிடும். பத்து நொடி கடந்தும் எரிந்தால் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விளக்கை அணைக்க முயலக் கூடாது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது எரிந்தால், பாதுகாப்பான முதல் இடத்தில் ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும்.

நிறுத்திய பிறகு, சமதளத்தில் ஐந்து பத்து நிமிடம் காத்திருந்து, ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர் வித்தியாசம் இருக்கும். கம்பியில் ஆயிலே படவில்லை என்றால் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஃபில்டர் பக்கம் ஈரமாக இருந்தால் நான் மேலே சொன்ன இரட்டை வளையமோ சரியாக முறுக்காத ஃபில்டரோ காரணமாக இருக்கலாம். சேம்பரின் அடியில் சொட்டினால், ஆயிலை வடிப்பதற்காகக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதன் செம்பு அல்லது அலுமினிய வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பழைய வாஷரோடு கசிவை நிறுத்துவதற்காக நீண்ட கைப்பிடி போட்டு முறுக்கி, அலுமினியச் சேம்பரின் மரையை அழித்துவிடுகிறார்கள்.

ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிக்கொண்டு ஓட்டலாமா என்று கேட்பார்கள். கசிவு எங்கே என்று தெரியாமல் ஊற்றும் ஆயில், எஞ்சினை இயக்கிய சில நிமிடங்களிலேயே அதே வழியாக வெளியேறிவிடும். ஆகவே முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள்.

ஆயில் மேல்குறியைத் தாண்டி மிக உயரத்தில் நிற்பதும் உண்டு. இதை நான் இருமுறை பார்த்திருக்கிறேன்: எஞ்சின் ட்ரெயின் போல்ட் என்று நினைத்து கியர்பாக்ஸின் போல்ட்டைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்துவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருந்த எஞ்சினில் இன்னும் மூன்று லிட்டருக்கு மேல் ஊற்றியிருந்தார்கள். அப்படி நிரம்பினால் சுழலும் கிராங்க் ஆயிலை மோர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கும். பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்ச, அழுத்தம் விழும். அங்கே எஞ்சினை மட்டும் சரிசெய்தால் போதாது. கியர்பாக்ஸ் ஆயிலின்றி ஓடியிருக்கிறது.

அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால் ஃபில்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். நம் ஊரில் ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா உள்ளிட்ட பல கார்களில் வந்த 1.3 லிட்டர் ஃபியட் டீசல் எஞ்சினில் டப்பா ஃபில்டருக்குப் பதிலாக மூடிக்குள் வைக்கும் காகித ஃபில்டர்தான் உண்டு. இந்த வகையில் மூடியின் ரப்பர் வளையம் மடிந்தாலோ, பழையதையே மீண்டும் போட்டாலோ, காகிதம் தன் இருக்கையில் சரியாக அமராவிட்டாலோ கசிவும் அழுத்தக் குறைவும் வரும். டப்பா ஃபில்டர்களில் போலிகள் அதிகம். நல்ல ஃபில்டருக்குள், எஞ்சின் நின்ற பின் ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கும். மலிவான போலியில் அது கெட்டியாகி விறைத்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. தினமும் காலையில் முதல் ஸ்டார்ட்டில் விளக்கு நீண்ட நேரம் எரிந்து, கடகடவென்ற சத்தத்தோடு பிறகு அணைகிறது என்றால், முதலில் தரமான ஃபில்டர் ஒன்றை மாற்றிப் பார்ப்பேன்.

சூடான எஞ்சினில், சிக்னலில் நிற்கும்போது மட்டும் விளக்கு மினுக்குகிறது என்பது வேறு கதை. இன்றைய சில பெட்ரோல் கார்களுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலைத்தான் நிறுவனம் பரிந்துரைக்கிறது. அவற்றின் பேரிங் இடைவெளியும் பம்ப்பும் அதற்கேற்ப அமைந்தவை. அதே ஆயிலை, 15டபிள்யூ-40 என்ற தடித்த ஆயிலைக் கேட்கும் பழைய, தேய்ந்த எஞ்சினில் ஊற்றினால் சூட்டில் நீர்த்து, ஐட்லிங்கில் அழுத்தம் சரியும். வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணை உரிமையாளரே குறித்து வைத்துக்கொண்டு, என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று கேட்பது நல்லது.

எனக்குப் பெரும் கவலை தருவது ஃப்ளஷ் விஷயம். பல ஆண்டுகள் ஆயில் மாற்றாமல் ஓடிய எஞ்சினுக்குள் கரிய தார் போன்ற கசடு படிந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் மாற்றும்முன் சுத்தம் செய்வதாக ஃப்ளஷ் திரவத்தை ஊற்றி ஓடவிட்டால், கசடு கட்டிகளாகப் பெயர்ந்து, சேம்பரின் அடியில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். டிப் ஸ்டிக்கில் தங்க நிறத்தில் புது ஆயில் நிறைந்திருக்கும்; பம்ப்புக்கோ ஒன்றும் வராது. அத்தகைய எஞ்சினுக்கு நான் ஃப்ளஷ் போடுவதில்லை. சேம்பரைக் கழற்றி, வலையைக் கையால் கழுவிப் பூட்டுகிறேன், பிறகு இரண்டாயிரம் கிலோமீட்டரிலேயே ஆயிலை மீண்டும் மாற்றச் சொல்கிறேன். சேம்பரைப் பூட்டும்போது சிலிக்கான் பசையை அள்ளிப் பூசினாலும் உள்ளே பிதுங்கும் துணுக்குகள் அதே வலையைத்தான் அடைக்கும்.

சுவிட்ச் பழுதாகவே ஆகாதா என்றால், ஆகும். ஃபில்டரைக் கழற்றும்போது ஸ்பேனர் பட்டு ஒயர் நசுங்கலாம். பழைய ஒற்றை ஒயர் அமைப்பில் அது வண்டியின் உலோக உடலில் உரசினால் விளக்கு அணையாமல் எரியும். ஆனால் அதைத் தீர்மானிக்க ஒரே வழிதான் உண்டு: சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் கேஜைப் பூட்டி, எஞ்சின் சூடான நிலையில் அளக்க வேண்டும். ஐட்லிங்கில் ஒரு பார் அளவிலும், 3000 சுற்றில் மூன்று பார் அளவிலும் முள் நின்றால், நிறுவனத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சுவிட்சை மாற்றலாம். கேஜ் வைக்காமல் சுவிட்சைக் குறை சொல்லும் எவரையும் நம்பி வண்டியை ஓட்டாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

மஞ்சள் நிறத்தில் எரியும் ஆயில் விளக்கு வேறு வகை. அது அளவுக் குறைவையோ சர்வீஸ் நினைவூட்டலையோ குறிக்கும். புகை வடிகட்டி உள்ள டீசல் கார்களில் டீசல் கலந்து ஆயில் கெடுவதைக் கணினி கணக்கிட்டு எச்சரிப்பதும் உண்டு. ஆயில் மாற்றியவர் ஸ்கேனரில் ரீசெட் செய்ய மறந்திருந்தால் புது ஆயிலிலும் அது எரியும். அவசரம் இல்லை, என்றாலும் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்தக் கல்லூரி ஆசிரியரின் கார் வந்த வாரத்திலிருந்து, கழற்றிய பழைய ஃபில்டரைத் திருப்பி, அதன் வாயில் வளையம் இருக்கிறதா என்று காட்டிவிட்டுத்தான் எங்கள் பையன்கள் புதியதைப் பூட்டுகிறார்கள். பூட்டுமிடத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கிறார்கள். ஆயில் ஊற்றியதும் வண்டிக்காரரையே ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்கிறோம். விளக்கு அணைவதை அவர் பார்க்க வேண்டும். எஞ்சின் இரண்டு நிமிடம் ஓடும்போது ஒருவர் டார்ச்சோடு அடியில் ஃபில்டரையும் ட்ரெயின் போல்ட்டையும் கவனிப்பார். பிறகு நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து, ஃபில்டர் குடித்த அளவுக்கு இறங்கியிருக்கும் ஆயிலைக் கம்பியில் பார்த்து ஈடுசெய்துவிட்டு, பானெட்டை மூடுகிறோம்.