திருப்பூரில் கடை வைத்த வடநாட்டுக்காரர்: ஆய்வுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூர், அவிநாசி, பெருந்துறைப் பக்கம் வந்தவர்களில் சிலர் இன்று சொந்தத் தொழில் செய்கிறார்கள். பானிபூரி வண்டி, செல்போன் கடை, மெஸ், நாலு மெஷின் போட்ட பவர் டேபிள் (சின்னத் தையல் யூனிட்). இவர்களைப் பற்றிப் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் முதலில் கோட்டை விடுவது விற்பனைக் கணக்கில்தான்.

திருப்பூரில் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வரும். ஞாயிறு கடை நிரம்பும். புதன், வியாழனில் கடன்தான் ஓடும். செவ்வாய்க்கிழமை போய் "இன்னைக்கு எவ்வளவு ஓடுச்சுங்க?" என்று கேட்டு, வந்த பதிலை முப்பதால் பெருக்கினால் அது கணக்கே ஆகாது. ஏழு நாள் விடாமல், ரொக்கம், போனில் வந்தது, கடனாகப் போனது என்று மூன்று கட்டம் போட்டு எழுத வேண்டும்.

அந்தக் கடன் நோட்டைக் காட்டினார் என்றால் அதிர்ஷ்டம். சொந்த ஊர்க்காரருக்கு மட்டும் கடனா, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் உண்டா என்று பாருங்கள். ஊரோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறார் என்பது அதில் தெரியும். புதுப் பண்பாட்டுக்குப் பழகுவதை உளவியலாளர் ஜான் பெர்ரி நான்கு வகையாகப் பிரித்தார்: தன்னுடையதை வைத்துக்கொண்டே சேர்தல், முழுக்கக் கரைதல், தனித்திருத்தல், இரண்டிலும் ஒட்டாமல் போதல். ஆனால் ஒரே ஆள் கடையில் ஒரு வகை, வீட்டில் இன்னொரு வகையாக இருப்பார். ஒரே கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்லாதீர்கள். வடக்கத்திச் சமையலுக்கான கடுகு எண்ணெய் யார் வாங்குகிறார்கள், போர்டில் தமிழ் எப்போது ஏறியது, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது, கடை யார் பெயரில்? க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் ஒரு பெயர் வரும். வாடகை ஒப்பந்தத்தில் வேறு பெயர் இருக்கலாம். அது தம்பியா, பங்காளியா, உள்ளூர்க் கூட்டாளியா என்று நாமாக முடிவுகட்டக் கூடாது, கேட்க வேண்டும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஏஜென்ட் எவ்வளவு வாங்கினார் என்ற கேள்வியையும் சேருங்கள். வந்தவரின் சொந்தபந்தத்தை மட்டும் பார்த்தால் போதாது, வந்து சேர்ந்த ஊரின் சட்டதிட்டமும் சந்தையும் சேர்ந்தே அவர் தொழிலைத் தீர்மானிக்கின்றன என்று ஆய்வாளர்கள் க்ளூஸ்டர்மன், ராத் முதலானோர் 1999இல் நெதர்லாந்தை வைத்து எழுதினார்கள். இங்கேயும் அது அப்படியே பொருந்தும்.

எல்லோரையும் 'இந்திக்காரர்' என்று எழுதிவிடுகிறோம். ஒடியா, வங்காளி, அசாமியா, சந்தாலி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். மொழிபெயர்க்க லேபர் காண்ட்ராக்டரைக் கூட்டிப் போகாதீர்கள். அவர் எதிரில் கடன் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். சம்மதம் வாங்காமல் போன் கேமராவை எடுக்கவே வேண்டாம். ஹோலியை ஒட்டியும், தீபாவளி முடிந்து ஆறு நாளில் வரும் சட் பூஜையை ஒட்டியும் போனால் பாதிக் கடை பூட்டியிருக்கலாம். அதைக் கடை மூடிவிட்டதாக எழுதிவிடாதீர்கள்.

நிஜமாகவே மூடிய கடைகளையும் தேடிப் பிடியுங்கள். நடக்கிற கடையை மட்டும் பார்த்தால் எல்லோரும் ஜெயித்த மாதிரிதான் தெரியும். மூன்று கடைக்கு ஒன்றாவது மூடிய கடையாக இருக்கட்டும். பழைய மெஷின் வாங்கி விற்பவரும் கட்டட ஓனரும் ஆள் காட்டுவார்கள். அந்த ஆளிடம் நஷ்டம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வந்ததா என்று கேளுங்கள்.