எரிமலை மண்ணில் உறைபனி: டியெங் உருளைக்கிழங்கு வயல்கள் ஏன் கருகுகின்றன?

ஜாவாத் தீவின் நடுப்பகுதியில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 7 டிகிரிதான் தள்ளி, டியெங் மேட்டுநிலம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். சுற்றிலும் பழைய எரிமலைகள், நடுவே தட்டையான நிலம், அதில் டியெங் குலோன் போன்ற சின்னச் சின்ன விவசாயக் கிராமங்கள். மலைச்சரிவில் மனிதன் ஏறி நிற்க முடிகிற இடம் வரைக்கும் உருளைக்கிழங்குப் பாத்தி. ஜூன் முதல் செப்டம்பர் வரை சில விடியற்காலைகளில் இந்த வயல்கள் வெள்ளை வெளேரென்று கிடக்கும். புல், இலை, வரப்பில் கிடக்கும் தண்ணீர்க் குழாய் என எல்லாவற்றின் மேலும் பனிப்படிகம் ஒட்டியிருக்கும். வெயில் ஏறியதும் உருகிவிடும். அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தால் செடிகள் கறுத்துத் துவண்டிருக்கும்.

ஊர்க்காரர்கள் இதைப் புன் உபாஸ், அதாவது விஷப்பனி என்கிறார்கள். வெள்ளைப் புல்வெளியைப் படம் எடுக்கச் சுற்றுலாப் பயணிகள் திரண்டு வருகிறார்கள். 2018 ஜூலையிலும் 2019 ஜூனிலும் இந்தோனேசியச் செய்திகளில் இந்தப் படங்கள்தான் நிறைந்திருந்தன. படத்துக்கு வெளியே நிற்கிற விவசாயிக்கோ, விதைக்கிழங்குக்கும் உரத்துக்கும் போட்ட பணம் ஒரே ராத்திரியில் போயிருக்கும்.

வெப்பமண்டலத்தில் உறைபனி எப்படி விழும்? "உயரமான இடம், அதனால் குளிர்" என்பதுதான் பலரும் சொல்லும் பதில். அது பாதிகூட உண்மையில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஜாவாவின் கடற்கரையில் சராசரி வெப்பம் 27 டிகிரி என்றால், 2,000 மீட்டரில் 14 டிகிரி வருகிறது. டியெங்கின் சராசரியும் ஏறக்குறைய அதுதான். ஆனால் தண்ணீர் உறையப் பூஜ்யத்துக்குப் போக வேண்டும். மீதி 14 டிகிரியை எடுத்துக்கொண்டு போவது எது?

வானம்தான். எந்தப் பொருளும் தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. 10 டிகிரியில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் மண், நொடிக்கு நொடி சுமார் 360 வாட் அளவுக்கு மேல்நோக்கிக் கதிர்வீசுகிறது. இரவில் வெயில் இல்லை, ஆனாலும் ஒரு வரவு உண்டு. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் மேகமும் தங்கள் பங்குக்குக் கீழ்நோக்கிக் கதிர்வீசுகின்றன. மேகம் மூடிய இரவில் போவதும் வருவதும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும், மண் அதிகம் குளிராது. மேகமில்லாத, ஈரமில்லாத இரவில் வரவு சுருங்கிவிடும். சதுர மீட்டருக்கு 60 வாட், நல்ல தெளிவான இரவில் 100 வாட் வரை கூட நிலத்துக்கு நஷ்டம். 2,000 மீட்டர் உயரத்தில் தலைக்கு மேலே இருக்கும் காற்றும் நீராவியும் சமவெளியைவிடக் குறைவு என்பதால் இந்த நஷ்டம் இன்னும் கூடும். உயரத்தின் முக்கியமான வேலை, என் பார்வையில், இதுதான்.

இங்கே ஆஸ்திரேலியா வருகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தென் அரைக்கோளத்தின் குளிர்காலம். ஆஸ்திரேலியக் கண்டத்தின் மேல் அழுத்தம் கூடி, அங்கிருந்து வறண்ட காற்று வடமேற்காகக் கிளம்பி ஜாவாவைக் கடக்கிறது. இந்தோனேசியாவில் இதுதான் வறண்ட பருவம். மேகம் கலைகிறது, காற்றில் ஈரம் வற்றுகிறது, வானம் திறந்துகொள்கிறது.

காற்றின் ஈரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஈரமான காற்று குளிரும்போது, உதாரணத்துக்கு 8 டிகிரியிலேயே, பனித்துளி இறங்கத் தொடங்கும். ஒரு கிராம் நீராவி தண்ணீராக மாறும்போது சுமார் 2,500 ஜூல் வெப்பத்தை விட்டுத்தருகிறது. அந்த வெப்பம் குளிர்ச்சியைத் தடுத்து நிறுத்தும். காற்று வறண்டிருந்தால் இந்தத் தடை வெகு நேரம் வராது. பனித்துளி இறங்க வேண்டிய வெப்பநிலையே பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அப்போது நீராவி தண்ணீராகாமல் நேராகப் பனிக்கட்டியாக இலையில் படிகிறது. டியெங்கில் தெரியும் ஊசி ஊசியான படிகங்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

சரி, வானம் எல்லா ஊருக்கும் பொதுவாயிற்றே. பக்கத்துக் கிராமமான செம்புங்கன் சுமார் 2,300 மீட்டரில் இருக்கிறது. ஜாவாவின் மிக உயரமான கிராமம் என்று அதைச் சொல்வார்கள். உயரம்தான் காரணம் என்றால் உறைபனிக்குப் பேர்போன இடம் செம்புங்கனாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பேர் வாங்கியிருப்பது கீழே உள்ள டியெங் குலோன் சமதளம். குறிப்பாக அர்ஜுனா கோயில்களைச் சுற்றியுள்ள புல்வெளி. (இவை 7, 8-ஆம் நூற்றாண்டுகளில் தொடங்கிக் கட்டப்பட்ட சிவாலயங்கள். அர்ஜுனா, ஸ்ரீகண்டி, பீமா, கடோத்கஜா என்ற மகாபாரதப் பெயர்கள் மக்கள் பின்னாளில் வைத்தவை.)

காரணம் நிலத்தின் வடிவம். இரவில் சரிவிலுள்ள மண் குளிர்கிறது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம், அதனால் மழைத்தண்ணீர் ஓடும் வழியிலேயே மெல்லச் சரிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. டியெங் சமதளம் மலைகளுக்கு நடுவே உள்ள ஒரு கிண்ணம். ராத்திரி முழுக்க அதில் குளிர்காற்று சேர்ந்துகொண்டே இருக்கும். அப்போது வழக்கமான கணக்கு தலைகீழாகிறது. தரையருகே கடுங்குளிர், கொஞ்சம் மேலே போனால் சூடு. ஒரே விவசாயியின் மேல் வயல் பச்சையாக நிற்க, கீழ் வயல் கருகிக் கிடப்பது இதனால்தான். காற்று வீசினால் இந்த அடுக்கு கலைந்து, மேலேயுள்ள சூடு கீழே வந்துவிடும். அதனால் உறைபனிக்குக் காற்றசையாத இரவு வேண்டும்.

ஊட்டிக்காரர்களுக்கு இது புதிதல்ல. டிசம்பர், ஜனவரியில் அங்கே முதலில் வெளுப்பது தாழ்வான காந்தள் பகுதியும் குதிரைப் பந்தய மைதானமும்தான், மலையுச்சி அல்ல. அங்கும் உயரம் 2,200 மீட்டரை ஒட்டித்தான், அங்கும் உருளைக்கிழங்குதான். அரைக்கோளம் மாறுவதால் மாதம் மட்டும் மாறுகிறது.

கனமான காற்று பள்ளத்தில் தேங்கும் இதே விதி டியெங்கில் ஒருமுறை மிகக் கொடூரமாக வெளிப்பட்டது. 1979 பிப்ரவரி 20 விடியற்காலையில், மேட்டுநிலத்தின் மேற்கே சினிலா எரிமலைவாய் வெடித்தது. பயந்துபோன கிராமத்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். நிலத்தின் பிளவுகளிலிருந்து வெளிவந்த கரியமில வாயு, காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. தாழ்வான பாதையில் அது தேங்கியிருந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மூச்சுமுட்டி இறந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று எந்த வழியாக இறங்கும், எங்கே தங்கும் என்பதை அறிந்திருப்பது இந்த ஊரில் உயிர்ப் பிரச்சினை.

இன்னொரு கேள்வி வரும். டியெங்கில் சிகிடாங் போன்ற எரிமலைவாய்களில் சேறு கொதிக்கிறது, பூமிச்சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். கீழே இவ்வளவு சூடு இருந்தும் மேலே எப்படி உறைகிறது? பூமியின் உள்ளிருந்து வரும் வெப்பம், உலகச் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு 0.1 வாட்டுக்கும் குறைவு. எரிமலைப் பகுதியில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனாலும் ஆவி கிளம்பும் அந்தச் சில இடங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளி வந்தால், வானத்துக்குப் போகும் 60, 100 வாட்டுக்கு முன்னால் அது நிற்காது.

இப்போது இலைக்கு வருவோம். உருளைக்கிழங்கின் இலை மெல்லியது, சூட்டைச் சேர்த்துவைக்க அதற்குள் பெரிதாக எதுவும் இல்லை. வானத்தை நேராகப் பார்த்தபடி விரிந்திருப்பதால், சுற்றியுள்ள காற்றைவிடவும் அது குளிர்ந்துவிடும். ஆள் உயரத்தில் மாட்டிய வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதே இலை பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கலாம்.

பூஜ்யத்தைத் தொட்டவுடன் இலைக்குள் தண்ணீர் உறைந்துவிடாது. உறைதல் தொடங்க ஏதாவது ஒரு துணுக்கு வேண்டும். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா இலைமேல் சாதாரணமாக வாழ்கிறது. அதன் மேற்புறத்துப் புரதம் ஒன்று தண்ணீர் மூலக்கூறுகளைப் பனிக்கட்டியின் ஒழுங்கில் அடுக்கிவைக்கும், அதனால் மைனஸ் 2 டிகிரியை ஒட்டியே உறைதல் தொடங்கிவிடும். பனிக்கட்டி முதலில் செல்களுக்கு உள்ளே அல்ல, செல்களுக்கு இடையிலுள்ள வெளியில்தான் உருவாகிறது. அது பக்கத்துச் செல்களிலிருந்து தண்ணீரை இழுத்து வளர்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது, அதன் சவ்வு சிதைகிறது. நாம் பயிரிடும் உருளைக்கிழங்கு மைனஸ் 3 டிகிரி வாக்கில் இந்தச் சண்டையில் தோற்றுவிடும். வெயில் வந்து பனி உருகும்போது, கிழிந்த சவ்வு வழியாகச் செல்லின் சாறு கசிகிறது. இலை முதலில் நனைந்த மாதிரி கரும்பச்சையாகத் தெரியும், அப்புறம் கறுக்கும். நறுக்கிவைத்த கிழங்கு கறுப்பதும் இதே வேதிவினையால்தான். மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. அறுவடை நெருங்கியிருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். கிழங்கு பருக்கும் முன்பே இலை போனால், சோறாக்க ஆளில்லாமல் கிழங்கு சிறுத்துவிடும்.

இவ்வளவு தெரிந்தும் வறண்ட பருவத்தில் ஏன் நடுகிறார்கள் என்று கேட்பது சுலபம். மழைக்காலத்தில் வேறொரு எதிரி காத்திருக்கிறது. உருளைக்கிழங்கின் இலைக்கருகல் நோய்க்குக் காரணமான பைட்டோப்தோரா, ஈரமான குளிர்ந்த இலையில்தான் செழிக்கும். அடைமழையில் மருந்து தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்தச் செலவு சின்னதல்ல. வறண்ட பருவத்தில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. நோயை விரட்டும் அதே தெளிந்த வானம்தான் உறைபனியையும் கொண்டுவருகிறது. 1980-களில் உருளைக்கிழங்கு இங்கே பரவி, ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாகின. அதோடு காடு போனது, செங்குத்தான சரிவுகளில் மண் அரிப்பு கூடியது. அது தனிக்கட்டுரைக்கான விஷயம். ஆனால் உறைபனியில் நஷ்டப்பட்டவரை "வேறு பயிர் செய்யக் கூடாதா" என்று எளிதாகக் கேட்கிறவர்கள், இந்த வருமானத்துக்கு ஈடாக என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காப்பாற்ற வழி உண்டா? டியெங்கில் பலர் விடியுமுன் எழுந்து வயலுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஏரிகளிலிருந்து மோட்டார் வைத்து நீளமான குழாய்களில் தண்ணீர் கொண்டுவருவது இங்கே ஏற்கெனவே உள்ள வழக்கம். இதில் நல்ல அறிவியல் இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 334 ஜூல் வெப்பம் வெளிவருகிறது. தெளித்துக்கொண்டே இருந்தால் இலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், மைனஸ் 3-க்குப் போகாது. ஆனால் பாதியில் நிறுத்தினால் ஆபத்து. நனைந்த இலையிலிருந்து ஒரு கிராம் ஆவியானால், ஒரு கிராம் உறைந்து தந்ததைப்போல ஏழு மடங்குக்கும் மேலான வெப்பம் போய்விடும். ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். வெயில் வருவதற்குச் சற்று முன்பு மட்டும் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவது, உள்ளே இன்னும் உறையாத இலைக்கு உதவும். உள்ளே உறைந்துவிட்ட இலையில் சேதம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

செடிகளுக்கு மேல் வலையோ துணியோ கட்டுவது சிறிய பாத்திகளுக்கு நன்றாகவே பலன் தரும். இலை இப்போது வானத்தைப் பார்க்காமல் வலையைப் பார்க்கிறது, வலை அதற்குத் திருப்பிக் கொஞ்சம் வெப்பம் தருகிறது. பெரிய வயலுக்குக் கட்டுபடியாகாது. புகை போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புகைத்துகள்கள் அகச்சிவப்புக் கதிரை மறிக்கும் அளவுக்குப் பெரியவை அல்ல. போதாக்குறைக்கு, காலையில் வரும் வெயிலையும் மறைக்கும். முந்தின நாள் பகலில் மண்ணை நனைத்து வைப்பது அதைவிட மேல். ஈரமண் பகல் சூட்டை ஆழமாக வாங்கி வைத்து இரவில் மெல்லத் தரும். காய்ந்து பொலபொலவென்று இருக்கும் மண்ணால் அது முடியாது.

கிண்ணத்தின் அடியில் உள்ள வயல்களில் ஜூலை, ஆகஸ்டுக்கு முட்டைக்கோஸ், கேரட் போடுவது இன்னொரு வழி. இரண்டும் லேசான உறைபனியைத் தாங்கும். தென் அமெரிக்காவின் காட்டு உருளைக்கிழங்கு வகையான சொலானம் கமர்சோனி, குளிருக்குப் பழகியபின் மைனஸ் 10 டிகிரியை ஒட்டியும் பிழைக்கிறது. அந்தக் குணத்தை நம் கிழங்கில் சேர்க்க ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக முயல்கிறார்கள். அது விவசாயியின் கைக்கு வரும் வரை மிகவும் மலிவான கருவி ஒரு வெப்பமானிதான். அதை வீட்டுச் சுவரில் மாட்டாமல், இருப்பதிலேயே பள்ளமான வயலில், இலை உயரத்தில், வானம் தெரிகிற மாதிரி நட்டுவைக்க வேண்டும். சாயங்காலம் மேகமில்லை, காற்றில்லை, முன்னிரவிலேயே அது 5 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டது என்றால், அன்றைக்கு மோட்டாருக்கு டீசல் ஊற்றி வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.