பத்துக்குப் பத்து வாங்கியவருக்கு ஏன் ஒன்றும் நினைவில்லை?

மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருக்கும் வாசகர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். பின்னணியில் லாரி ஹாரன் விடாமல் அலறுகிறது, நடுவில் அவர் குரல்: "அண்ணே, போன மாசம் யார்டுல மொபைல்லயே சேஃப்டி டிரெயினிங் குடுத்தாங்க. நாப்பது நிமிஷம் வீடியோ, கடைசில பத்து கேள்வி. பத்துக்குப் பத்து வாங்கி சர்டிபிகேட்டும் எடுத்துட்டேன். நேத்து ஆடிட்டுக்கு வந்தவரு, கேஸ் லீக் ஆனா எந்தப் பக்கம் ஓடுவேன்னு கேட்டாரு. அப்படியே நின்னுட்டேண்ணே. எனக்கு எதுனா மறதி வியாதியா, இல்ல ஆன்லைன்ல கத்துக்கறதே வேஸ்ட்டா?"

இரண்டும் இல்லை தம்பி. உன் மூளை நன்றாகத்தான் வேலை செய்கிறது, அந்தப் பத்துக் கேள்வியைக் கேட்ட நேரம்தான் தப்பு.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் விஷயம் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் தூக்கம் கலைந்து, கண் எரிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான்: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே நகர்ந்து வாயு வரும் பாதையை விட்டு வெளியேற வேண்டும், மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரைந்துவிடும். இதை யாருக்கும் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பாதித் தூக்கத்தில், பயத்தில், இருட்டில் இது தானாக நினைவுக்கு வருமா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த 'ஆன்லைன் வேஸ்ட்டா' விஷயத்தை முடித்துவிடலாம். 1983லேயே ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் சொல்லிவிட்டார்: பாடத்தைக் கொண்டுவரும் சாதனம் மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரி மாதிரி, லாரியை மாற்றினால் அரிசியின் சத்து கூடாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் மணிக்கணக்கில் லாரிகளுக்குப் பின்னால் நின்ற நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2006ல் டிரேசி சிட்ஸ்மானும் மற்றவர்களும் இணையவழிப் பயிற்சியையும் வகுப்புப் பயிற்சியையும் ஒப்பிட்ட 96 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டிலும் கற்பிக்கும் முறை ஒன்றாக இருந்தால், விஷயத்தைக் கற்றுக்கொள்வதில் வித்தியாசம் இல்லை. பாதி ஆன்லைன், பாதி நேரடி என்று கலந்து கொடுத்தால் கொஞ்சம் நன்றாக வருகிறது என்று அமெரிக்கக் கல்வித் துறையின் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது) ஒன்று சொன்னது. ஆனால் அப்படிப் படித்தவர்களுக்கு நேரமும் பயிற்சியும் கூடுதலாகக் கிடைத்தன என்பதையும் அதே அறிக்கை ஒளிக்காமல் சொல்லிவிட்டது. ஆக, லாரியில் என்ன ஏற்றுகிறோம் என்பதுதான் பேச்சு.

மறதியைப் பற்றிப் பலரும் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, பிறகு மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்து 1885ல் வெளியிட்டார். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சம், ஒரு நாள் கழித்து 34, ஒரு மாதம் கழித்து 21. முதலில் தடாலென்று விழுந்து, அப்புறம் மெதுவாக இறங்கும் கோடு. வீடியோ முடிந்த கையோடு கேட்கிற பத்துக் கேள்வி இந்தக் கோட்டின் உச்சியிலேயே நின்று அளக்கிறது. அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கிய டீயைத் தொட்டுப் பார்த்து, நாளைக்கும் சூடாக இருக்கும் என்று சான்றிதழ் கொடுப்பது போல.

சரி, இனி எனக்குப் பிடித்த இடம்.

2006ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சின்னச் சின்னக் கட்டுரைகள் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவில் இருப்பதை மூன்று தடவை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்துப் படித்து உருப்போட்ட குழுதான் ஜெயித்தது, 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கதை தலைகீழ்: உருப்போட்டவர்கள் 40, தாளை மூடி வைத்து எழுதியவர்கள் 61. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது நான்கு தடவை படித்த குழு.

ஏன் இப்படி? படித்தது முதலில் மூளையின் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் தங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூளையின் வெளி அடுக்கான புறணிக்குப் போகும் என்பது பாடப்புத்தகக் கதை, அதை விடுங்கள். ராபர்ட் பியோர்க், எலிசபெத் பியோர்க் தம்பதி சொன்ன விளக்கம் இதைவிட அழகு. ஒரு நினைவுக்கு இரண்டு தனித்தனி பலம் உண்டு என்றார்கள். எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது ஒன்று, இந்த நிமிடம் எவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகிறது என்பது இன்னொன்று. காலடிப்பேட்டையில் பத்து வருடம் குடியிருந்த வீட்டின் கதவு எண் எனக்கு இப்போது சட்டென்று வரவில்லை, ஆனால் யாராவது ஒருமுறை சொன்னால் போதும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆழம் அதிகம், கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இன்று காலை வாங்கிய ஓபி டோக்கன் எண் அப்படியே நேர் எதிர்: இப்போது கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன், நாளைக்கு அது இருந்த தடமே இருக்காது.

இப்போது அந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கைக்குச் சுலபமாக வரும் நிலையில் இருக்கும் ஒன்றை மறுபடி எடுத்தால், ஆழம் அதிகம் கூடுவதில்லை. கொஞ்சம் மறந்து, தேடி, 'தொண்டை வரைக்கும் வந்துச்சே' என்று தவித்து எடுத்தால் ஆழம் பெரிதாகக் கூடுகிறது. மறதியைப் பயிற்சியின் எதிரி என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்தக் கணக்குப்படி கொஞ்சம் மறந்தால்தான் அடுத்த தடவை எடுப்பதற்குப் பலன்! இதை முதல்முறை படித்தபோது எழுந்துபோய் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

தேடி எடுக்க முடியாமல் தப்பாகச் சொன்னாலும் நஷ்டமில்லை, உடனே சரியான பதிலைக் காட்டினால் போதும். அதிலும் 'இதுதான், எனக்குத் தெரியும்' என்று அடித்துச் சொல்லி மாட்டிக்கொண்ட தப்புதான் நன்றாகத் திருந்துகிறது, தயங்கித் தயங்கிச் சொன்ன தப்பு அந்த அளவுக்குத் திருந்துவதில்லை. புதுவண்ணாரப்பேட்டையில் எந்தக் கேரம் கிளப்பில் நுழைந்தாலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். சீனியர் அடிப்பதை வேடிக்கை பார்த்தே யாரும் ஆட்டக்காரர் ஆனதில்லை. தானே ஸ்ட்ரைக்கரை வைத்து, கோணத்தை யோசித்து, தப்பாக அடித்து, 'இன்னாடா இது' என்று திட்டு வாங்கியவன்தான் ஆடுகிறான்.

அடுத்தது இடைவெளி. பிரிட்டிஷ் தபால் துறை தன் ஊழியர்களுக்கு விசைப்பலகை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தபோது, பேட்லி, லாங்மன் என்ற இருவர் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்துப் பார்த்து 1978ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரே ஒரு மணி நேரம், இன்னொரு குழுவுக்குத் தினம் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், மற்ற இரண்டும் நடுவில். விசைகளைப் பழகிக்கொள்ள தினம் ஒரு மணி நேரக் குழுவுக்கு மொத்தம் சுமார் 35 மணி நேரம் போதுமானதாக இருந்தது, நான்கு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 50 ஆனது. சம்பளம் கொடுத்துப் பயிற்சி தரும் முதலாளிக்கு இது எவ்வளவு பெரிய மிச்சம்! ஆனால் பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்டால், குறைவான திருப்தி தெரிவித்தது இதே ஒரு மணி நேரக் குழு. மற்றவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டுப் போவதைப் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

இந்த எரிச்சல்தான் மதிப்பீட்டுக் கணக்கையே கவிழ்த்துவிடுகிறது. 1959ல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் பயிற்சியை நான்கு படியில் அளக்கச் சொன்னார்: ஆளுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. எல்லாரும் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். எல்லாரும் என்றால் நானும்தான். சில வருடம் முன்பு திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு நிறுவனத்துக்கு ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி தயாரித்துக் கொடுத்தேன். கார்ட்டூன், பின்னணி இசை, வடிவேலு மாடுலேஷனில் வசனம், ஐந்துக்கு 4.8 ரேட்டிங். மூன்று மாதம் கழித்து நானே போய்ப் பார்த்தால், ஃபோர்க்கை மேலே தூக்கி வைத்தபடியே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சரக்கைத் தாழ்த்தி வைத்து ஓட்ட வேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் முதல் பாடமே. 'வீடியோ சூப்பரா இருந்துச்சு சார்' என்றார் டிரைவர், வண்டியை நிறுத்தாமலே. பிடித்ததற்கும் கற்றதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு என்று 1997லேயே ஒரு தொகுப்பாய்வு காட்டிவிட்டது, எனக்கு அது நேரில் வந்து உறைத்தது.

இங்கே கொஞ்சம் கோபத்தையும் கொட்டிவிடுகிறேன். 'படித்தால் 10 சதவீதம், பார்த்தால் 30, செய்தால் 90 சதவீதம் நினைவிருக்கும்' என்று ஒரு பிரமிடு பயிற்சியாளர்களின் பிபிடிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எட்கர் டேல் 1946ல் வரைந்த கூம்பு என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். டேலின் கூம்பில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது, எவரோ பின்னால் ஒட்டியது. அதேபோல 'நீங்கள் பார்த்துக் கற்பவர், இவர் கேட்டுக் கற்பவர்' என்ற பிரிவினை. 2008ல் நான்கு உளவியலாளர்கள் தேடிப் பார்த்து, ஆளுக்குத் தகுந்த பாணியில் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றார்கள். ராசிபலனைக் கம்ப்யூட்டரில் போட்டு விற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. மென்பொருள் வாங்கப் பணம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்துப் போய் ஆளைப் பார்த்துவிட்டு வர ஒரு ஆட்டோ செலவுக்குக் கேட்டால் மட்டும் பட்ஜெட் இல்லை. மணலியிலிருந்து அம்பத்தூர் வரை இத்தனை ஆலைகள், இத்தனை காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் இருக்கும் ஊரில், நம் ஆட்கள் தமிழில் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராயவும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம்.

சரி, தம்பி யார்டுக்கு என்ன செய்யலாம்? வீடியோவைத் தூக்கிப்போட வேண்டாம், ஆறேழு நிமிடத் துண்டுகளாக வெட்டிவிடலாம். ஒவ்வொரு துண்டுக்கு முன்னாலும் ஒரு கேள்வி, தெரியாவிட்டாலும் ஊகிக்கச் சொல்ல வேண்டும். நான்கு விடையில் ஒன்றைத் தொடுவதைவிட, பதிலைச் சொல்லியோ எழுதியோ அனுப்பச் சொல்வது நல்லது. ஈரத்துணி ஏன் என்பது போனிலேயே முடிந்துவிடும். ஆனால் காற்றுத் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப் பையைப் பார்த்துத் திசை சொல்வதையும், மூச்சுவிடக் காற்று தரும் சிலிண்டரும் முகமூடியும் சேர்ந்த பிஏ செட் மாட்டுவதையும் யார்டில் நின்றுதான் பழக வேண்டும், கலந்து கற்பிப்பதில் நேரடி நேரத்தை அதற்குத்தான் செலவழிக்க வேண்டும். அப்புறம், ஷிப்டு ஆரம்பத்தில் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பழைய பாடத்திலிருந்து ஒரு கேள்வி. எத்தனை நாள் இடைவெளி விடலாம் என்றால், எவ்வளவு காலம் நினைவிருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. செபெடாவும் மற்றவர்களும் 2008ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வாரம் கழித்துத் தேவைப்படும் என்றால் ஓரிரு நாள் இடைவெளி, ஒரு வருடம் என்றால் சுமார் மூன்றிலிருந்து ஐந்து வாரம். மதிப்பெண்ணை எப்போது எடுப்பது? முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு மாதம் தாண்டி. அப்போது பத்துக்கு ஆறு வந்தாலும், வீடியோ முடிந்த கையோடு வாங்கிய பத்தைவிட அதை நான் நம்புவேன்.

இதையெல்லாம் ஒரு நீளமான குரல் செய்தியாக அவருக்கே அனுப்பியிருந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பதில் வந்தது: டீக்கடையில் தன்கிட்ட வேலை பார்க்கும் பையன்கள் நாலு பேரையும் நிறுத்தி, காற்று கடலில் இருந்து அடித்தால் எந்தப் பக்கம் போவீர்கள் என்று கேட்டாராம். இரண்டு பேர் மேற்கே என்றார்கள், ஒருவன் முதலாளி ரூமுக்கு என்றான். நாலாவது ஆள் பதில் சொல்லாமல், கடை வாசலில் கட்டியிருந்த கட்சிக் கொடி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தானாம். "வெள்ளிக்கிழமை மறுபடி கேக்கறேண்ணே, இன்னிக்கு விடையச் சொல்லிட்டேன், நடுவுல நானா ஞாபகப்படுத்தமாட்டேன்."