உங்கள் எலுமிச்சைத் தோட்டத்தில் இருப்பது எந்த டிரிஸ்டீசா?

“சார், டெஸ்ட்ல டிரிஸ்டீசா பாசிட்டிவ்னு வந்திருக்கு. மரத்த வெட்டிரட்டுமா?”

புளியங்குடி, வாசுதேவநல்லூர், கடையம் பக்கத்து எலுமிச்சை விவசாயிகள் போன் செய்தால் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். டிரிஸ்டீசா என்பது எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களைத் தாக்கும் ஒரு வைரஸ். நான் திருப்பிக் கேட்பேன்: “மரம் எப்படி இருக்கு அண்ணாச்சி? காய் பிடிக்குதா?” “காய்ப்புக்கு ஒரு குறையும் இல்ல சார், ரிப்போர்ட்டப் பாத்துதான் பயமா இருக்கு” என்பார்கள் சிலர். வேறு சிலர் தோட்டத்திலோ நாலாம் வருஷத்திலேயே கிளை நுனி காய்ந்து, இலை சிறுத்து, காய் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுபோயிருக்கும். இரண்டு பேர் கையிலும் இருக்கும் ரிப்போர்ட் ஒன்றுதான்.

ஒரு மரம் தாங்குவதற்கும் இன்னொன்று தேய்வதற்கும் மண், தண்ணீர், வேரழுகல், துத்தநாகக் குறைபாடு என்று பல காரணங்கள் இருக்கலாம். அவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். அதற்கு அப்புறமும் விடை கிடைக்காத தோட்டங்களில், பலரும் யோசிக்காத ஒரு காரணம் இருக்கிறது. டிரிஸ்டீசா வைரஸ் என்பது ஒன்றல்ல. கொரோனா காலத்தில் டெல்டா, ஒமிக்ரான் என்று திரிபுகளைப் பற்றிப் பேசினோம் அல்லவா, அதுபோல இதற்குள்ளும் பல திரிபுகள் உண்டு. சில மரத்தை ஒன்றும் செய்யாது. சில கொன்றுவிடும்.

நம் எலுமிச்சைக்கு இதில் ஒரு தனி இடம் இருக்கிறது. புளிப்பு அதிகமுள்ள, தோல் மெல்லிய நம் நாட்டு எலுமிச்சையும், மெக்சிகோவில் ‘லைம்’ என்று வளர்ப்பதும் ஒரே செடிதான். டிரிஸ்டீசாவைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் காட்டிச்செடி அதுவே. சந்தேகப்படும் மரத்திலிருந்து ஒரு பட்டைத் துண்டை எடுத்து எலுமிச்சைக் கன்றில் ஒட்டிவைப்பார்கள். வைரஸ் இருந்தால் சில வாரங்களில் தளிரின் நரம்புகள் ஆங்காங்கே வெளிறும். ஆரஞ்சோ மாண்டரினோ (கமலா ஆரஞ்சு) வெளியே காட்டாமல் தாங்கிக்கொள்ளும் வைரஸை எலுமிச்சை உடனே காட்டிக்கொடுக்கும். அதாவது நாம் ஏக்கர் கணக்கில் நட்டுவைத்திருப்பது, இந்த வைரஸுக்கு மிக எளிதில் வசப்படும் செடியை.

தோட்டத்தில் நான் முதலில் பார்ப்பது முற்றாத இலையை. காலை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நரம்பில் விட்டுவிட்டுக் கண்ணாடிபோல் தெளிந்த கோடுகள் தெரியும். அடுத்து, பென்சில் தடிமன் உள்ள கிளை ஒன்றை வெட்டிப் பட்டையை உரிப்பேன். நல்ல கிளையில் உள்கட்டை வழவழவென்று இருக்கும். வீரியமான திரிபு இருந்தால் கட்டையில் நீளவாக்கில் குழிகள் விழுந்திருக்கும், உரித்த பட்டையின் உட்புறத்தில் அந்தக் குழிகளுக்குப் பொருந்துகிற முட்கள்போல மேடுகள் இருக்கும். விரலை ஓட்டினாலே சொரசொரப்பு தெரியும். அந்தக் குழிகள் நிறைந்த கிளை லேசாக வளைத்தாலே ஒடியும். குழி அடர்த்தியாக இருக்கும் மரத்தில் காய் பெருக்காது, எவ்வளவு உரம் வைத்தாலும் சரி.

வைரஸ் பாசிட்டிவ், ஆனால் கட்டையில் குழியே இல்லை. இப்படியும் நிறைய மரங்களைப் பார்க்கிறேன். அங்கேதான் திரிபுகளின் கதை வருகிறது.

தாவர வைரஸ்களில் டிரிஸ்டீசாவின் மரபுப்பொருள் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆர்.என்.ஏ. இழை, சுமார் 19,300 எழுத்துகள். ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் எழுத்துப்பிழைகள் விழும், அவற்றைத் திருத்தும் வசதி இந்த வைரஸிடம் இல்லை. எலுமிச்சை மரம் இருபது முப்பது வருஷம் நிற்கும். ஒரே மரத்துக்குள் அத்தனை காலமும் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கிறது. அது போதாதென்று, அந்த மரத்துக்கு இன்னொரு திரிபும் வந்து சேர்ந்தால் இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதுக் கலவை உருவாகும்.

இப்படி வந்த திரிபுகளை டி36, வி.டி., டி3, டி30, ஆர்.பி., டி68 என்று குழு குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். டி30 பெரும்பாலும் சாது. டி36 கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் (ஒட்டுமரத்துக்கு அடியில் வேராக நிற்கும் செடி) ஒட்டிய மரங்களைச் சாய்க்கும். வி.டி. குழுவில் கட்டைக்குழி விழ வைப்பவை பல. நம் நாட்டிலும் இதற்குப் பதிவுகள் உண்டு. டார்ஜிலிங் மலையின் காலிம்போங் மாண்டரினிலிருந்து எடுத்து, இழையின் எழுத்துகள் முழுமையாக வாசிக்கப்பட்ட வைரஸ் மாதிரி வி.டி. குழுவைச் சேர்ந்தது. பெங்களூரைச் சேர்ந்த பி165 என்ற மாதிரியை 2010-இல் முழுமையாக வாசித்தபோது, ஆரஞ்சில் கட்டைக்குழி விழ வைக்கும் அது வேறு திரிபுகளின் துண்டுகள் கலந்த புது வகை என்று தெரியவந்தது. காலிம்போங் தொலைவில் இருக்கலாம். பெங்களூரிலிருந்து ராத்திரி ஏற்றிய கன்று மறுநாள் தென்காசியில் இறங்கிவிடும்.

சரி, இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ரிப்போர்ட்டில் ஏன் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் வருகிறது? இரண்டு திரிபுகளின் இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பின்பாதி கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். முன்பாதியில்தான் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருக்கும். டி36-ஐயும் வி.டி.யையும் ஒப்பிட்டால் முன்பாதியில் நூறு எழுத்துக்கு ஏறக்குறைய முப்பது வேறாக இருக்கும் இடங்கள் உண்டு. வழக்கமான எலைசா, பி.சி.ஆர். சோதனைகள் குறிவைப்பது பின்பாதியிலுள்ள உறைப்புரதத்தை. எந்தத் திரிபு இருந்தாலும் தவறாமல் பிடிக்க வேண்டும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள், அது சரியான ஏற்பாடுதான். ஆனால் எது சாது, எது கொடியது என்று பிரித்துச் சொல்லும் வேலையை அந்தச் சோதனையால் செய்ய முடியாது. அதற்கு முன்பாதியைக் குறிவைக்கும் தனித்தனி பிரைமர்களோ (குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப் பிடிக்கும் சிறு துண்டுகள்), முழு இழையையும் வாசிக்கும் முறையோ வேண்டும். ஆகவே ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு காய்க்கிற மரத்தை வெட்டாதீர்கள்.

அதற்காக ‘என் மரம் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று அதிலிருந்து ஒட்டுக்குச்சி வெட்டிக் கொடுக்கவும் கூடாது. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. நன்றாகத் தெரிகிற மரத்துக்குள் சாதுவான திரிபு ஒன்று அதிகமாகவும், கொடியது ஒன்று கொஞ்சமாகவும் சேர்ந்தே இருக்கலாம். இந்த வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி வந்து உறிஞ்சும்போது கலவை முழுவதையும் எடுத்துப் போவதில்லை. ஒரு பூச்சி அதில் ஒரு திரிபை மட்டும் பக்கத்து மரத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே போட்டிக்கு எதுவும் இல்லாமல் கொடியது தனியாக வளரும். ஒரு கிளையில் இருக்கும் கலவை மறு கிளையில் இருப்பதில்லை என்பதால், ஒட்டுக்குச்சி எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தும் கன்றின் விதி மாறும்.

சாதுவான திரிபை வைத்தே கொடியதைத் தடுக்க முடியாதா என்று படித்த விவசாயிகள் கேட்பதுண்டு. முடியும், நடந்தும் இருக்கிறது. பிரேசிலில் ‘பேரா’ ஆரஞ்சு மரங்களுக்குச் சாதுவான திரிபை முன்கூட்டியே ஏற்றி லட்சக்கணக்கில் வளர்த்தார்கள். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் 1970-களில் எலுமிச்சையில் இந்த வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் பல நாடுகளில் இது கைகொடுக்கவில்லை. ஏன் என்ற தெளிவு 2010-ஐ ஒட்டித்தான் வந்தது: உள்ளே இருக்கும் திரிபு தன் குழுவைச் சேர்ந்ததை மட்டுமே நுழையவிடாமல் தடுக்கிறது. டி30 இருக்கும் மரத்துக்குள் வி.டி. தாராளமாக நுழையும். எந்தத் திரிபுகள் நம் வட்டாரத்தில் சுற்றுகின்றன என்று தெரியாமல் பாதுகாப்புத் திரிபைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. இப்போது யாராவது ‘வைரஸ் தடுப்பூசி போட்ட கன்று’ என்று விற்றால் வாங்காதீர்கள். வைரஸுக்கு மருந்து என்று புட்டியில் விற்பதையும் நம்பாதீர்கள். வைரஸ் ஏறிய மரத்தைக் குணப்படுத்தும் தெளிப்பு எதுவும் கிடையாது. ஊட்டச்சத்து தெளித்தால் இலை பச்சையாகும், வைரஸ் அப்படியே இருக்கும்.

இந்த வைரஸ் கடல் தாண்டியதே கன்றுகள் மூலம்தான். 1842-இல் அசோர்ஸ் தீவுகளில் ஆரஞ்சு மரங்கள் வேரழுகலில் செத்தபோது, அதைத் தாங்கும் கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடிக்கு உலகமே மாறியது. டிரிஸ்டீசா விதையில் பரவாது என்பதால், விதையாகக் கடல் கடந்த காலம்வரை பிரச்சினை வரவில்லை. நீராவிக் கப்பலில் உயிர்க்கன்றுகள் பயணிக்க ஆரம்பித்ததும் வைரஸும் கூடவே பயணித்தது. 1930-களில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் கசப்பு ஆரஞ்சில் ஒட்டிய தோப்புகள் அடியோடு சரிந்தன. ஸ்பெயினில் 1957-இல் தெரியவந்தது, அதன்பிறகு நாலு கோடிக்கும் மேல் மரங்கள் போயின. உலகம் முழுக்க ஏறக்குறைய பத்துக் கோடி என்று கணக்கு. நம் ஊரில் கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடி இல்லாததால் அப்படித் திடீரென்று தோப்பு சாய்வதில்லை. எலுமிச்சையில் தேய்மானம் மெல்ல மெல்லத்தான் வருகிறது. அதனாலேயே யாரும் பதறுவதுமில்லை.

எதிர்ப்புத் திறன் உள்ள வேர்ச்செடி வந்தால் போதும் என்பதும் முழு உண்மையல்ல. மூவிலை ஆரஞ்சு டிரிஸ்டீசாவை உள்ளே விடாது என்று நீண்டகாலம் நம்பியிருந்தார்கள். அதற்குள்ளும் புகும் திரிபு நியூசிலாந்தில் பதிவானது, மேலே சொன்ன ஆர்.பி. குழு அதுதான்.

டிரிஸ்டீசா மட்டும்தான் வைரஸ் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆந்திரத்தின் சாத்துக்குடித் தோட்டங்களில் மஞ்சள் தேமல் வைரஸ் இருக்கிறது. அது டி.என்.ஏ. வகை, சுமார் 7,500 எழுத்துகள், முக்கியமாக ஒட்டுக்குச்சி வழியே பரவுகிறது. பஞ்சாபின் கின்னோ என்ற மாண்டரின் வகையில் வளையப்புள்ளி வைரஸ். கிரீனிங் என்பது வைரஸே அல்ல, சில்லா பூச்சி பரப்பும் பாக்டீரியா. இலையில் அது காட்டும் மஞ்சள், துத்தநாகக் குறைபாட்டைப் போலவே இருப்பதால் ஏமாற்றும். ஒரே மரத்தில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சகஜம்.

என்னைக் கேட்டால், அசுவினியைவிட நான் அதிகம் பயப்படுவது லாரியையும் பார்சலையும். அசுவினி இந்த வைரஸை ஒன்றிரண்டு நாள்தான் சுமக்கும், பெரும்பாலும் பக்கத்துத் தோட்டங்களோடு நின்றுவிடும். ஊரில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் திரிபையே பரப்பும். வெளிமாநிலக் கன்றோ, நம் வட்டாரம் இதுவரை பார்க்காத திரிபை ஒரே நாளில் கொண்டுவந்து இறக்கும். பழைய திரிபு இருக்கும் தோட்டத்தில் அது கலந்தால் என்ன உருவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. விதையில்லா எலுமிச்சை, புது ரகச் சாத்துக்குடி என்று போனில் படம் பார்த்து ஆர்டர் செய்கிறோம். அந்தத் தாய்மரத்தைக் கண்ணால் பார்த்தவர் யார்?

கன்று வாங்குமுன் நர்சரிக்காரரிடம் மூன்றைக் கேளுங்கள்: தாய்மரம் பூச்சிவலைக்குள் இருக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள், ஒட்டுக்குச்சி எந்த ஊரிலிருந்து வந்தது. நேரான பதில் இல்லையென்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். நுனித்தளிர் ஒட்டு முறையில் (தளிரின் மிகச் சிறிய நுனியை மட்டும் எடுத்து ஒட்டுவது) வைரஸ் நீக்கிய தாய்ச்செடி சிறந்தது. மத்திய அரசு 2024-இல் அனுமதித்த தூய நடவுப்பொருள் திட்டத்தில் (ஒன்பது மையங்கள், சுமார் 1,766 கோடி ரூபாய்) சிட்ரஸுக்கான (எலுமிச்சை, ஆரஞ்சு வகைகள்) ஒரு மையம் நாக்பூரில் வருகிறது. அதுவரை, விதைக்கன்று வைப்பவர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது: விதைவழி டிரிஸ்டீசா வராது. ஆனால் நாற்றங்காலைப் பழைய தோட்டத்துக்குள்ளேயே, மரத்தடி நிழலில் போடுகிறார்கள். மேலிருந்து அசுவினி இறங்கினால் சாதகம் போய்விட்டது. நாற்றங்காலைத் தள்ளிப் போடுங்கள், வலை கட்டுங்கள். இளம் தோட்டத்தில் வெண்டையும் கத்தரியும் ஊடுபயிர் வேண்டாம். வைரஸ் அவற்றிலிருந்து வருவதில்லை, ஆனால் பருத்தி அசுவினி அங்கேதான் பெருகும்.

மூன்று வயதுக்குள் நலிந்து, கட்டையிலும் குழி விழுந்த மரத்தைப் பிடுங்கிவிடுங்கள், அது தேறாது. காய்க்கும் மரம் பாசிட்டிவ் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், தொழுவுரமும் தண்ணீரும் குறையாமல் பாருங்கள், ஒட்டுக்குச்சி மட்டும் எடுக்காதீர்கள்.

மாதிரி அனுப்புவதிலும் கவனம் வேண்டும். சித்திரை வெயிலில் மரத்துக்குள் வைரஸின் அளவு இறங்கிவிடும், வைரஸ் இருந்தும் ‘இல்லை’ என்று ரிப்போர்ட் வந்துவிடலாம். மழைக்குப் பின் தளிர் முற்றும் கார்த்திகை, மார்கழியில் எடுங்கள். மரத்தின் நாலு பக்கமும், இலைக்காம்போடு சேர்த்து, அண்மையில் முற்றிய இலைகளாக இருக்கட்டும். ஒரு மரத்துக்கு ஒரு கவர், கவரில் மர எண், ஈரக் காகிதம், ஐஸ் பெட்டி. கூடவே ஒரு சீட்டில், கன்று எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம் வந்தது என்று எழுதி வையுங்கள். எந்தத் திரிபைத் தேடிச் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது நான் முதலில் படிப்பது அந்தச் சீட்டைத்தான்.